மலையகத்தில் மண்சரிவு: லயத்தில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மழை நாலு நாள் விடாமல் பெய்தால் தோட்டத்தில் எல்லாரும் மேட்டைப் பார்க்கத் தொடங்குவார்கள். அப்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), புது வீடு, மரக்கறித் தோட்டத்துக் குடியிருப்பு எதுவானாலும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும்.

எவ்வளவு மழைக்கு மண் சரியும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுவதற்கு வைத்திருக்கும் அளவு இது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் முதலாம் கட்டம், மஞ்சள்: அவதானமாக இருக்க வேண்டும். 100 மி.மீ. தாண்டினால் இரண்டாம் கட்டம், செம்மஞ்சள்: வெளியேறத் தயாராக வேண்டும். 150 மி.மீ. தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினால், மூன்றாம் கட்டம், சிவப்பு: வெளியேறிவிட வேண்டும்.

149 வரை மலை தாங்கும், 151இல் சரியும் என்று இதை வாசிக்கக் கூடாது. பத்து நாள் ஊறிய மலைக்கு 75கூட அதிகம். வெயிலில் காய்ந்து கிடந்த மலை அதே 75ஐக் குடித்துவிடும். மண்ணின் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் புதிதாக வரும் மழை அங்கே அழுத்தமாக மாறி மண்ணைப் பாறையிலிருந்து பிரிக்கிறது. ஆகவே இன்றைய மழையோடு போன ஒரு வாரத்து மழையையும் எழுதி வைத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

எந்த மாதம் எங்களுக்கு ஆபத்து?

மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை, வட்டவளை, கேகாலைப் பக்கத் தோட்டங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுத்தான் கனம். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மி.மீ. தாண்டும். பதுளை, பசறை, லுணுகலை, வலப்பனைப் பக்கத்துக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகிழக்கு மழை. இரண்டுக்கும் நடுவில் வரும் ஒக்டோபர், நவம்பர் மழை பக்கம் பார்க்காது, எல்லா மலையிலும் கொட்டும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29 காலையில். அரநாயக்க சாமசர மலை சரிந்தது 2016 மே 17 அன்று. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கம் 2007 ஜனவரியில் சரிந்தது. மூன்றும் வெவ்வேறு பருவம்.

மழையை நாங்களே அளக்க முடியுமா?

முடியும். ஒரு சோடா போத்தல் போதும். மழைமானி உள்ள இடம் உங்கள் லயத்திலிருந்து இரண்டு மலை தள்ளி இருக்கலாம். அங்கே 40 மி.மீ. பெய்யும்போது இங்கே 90 பெய்வது மலையில் சாதாரணம்.

1.5 லீட்டர் போத்தலில் பக்கச்சுவர் வரிவரியாக இல்லாமல் நேராக இருப்பதைத் தேடி எடுங்கள். தோள் முடிந்து உடல் நேராகும் இடத்தில் வட்டமாக வெட்டுங்கள். அடியில் மேடுபள்ளம் இருக்கும். கொஞ்சம் சீமெந்துக் குழம்பு ஊற்றி, போத்தலை மட்டமான தரையில் ஒரு நாள் வைத்தால் அடி சமமாகும், காற்றில் கவிழாத பாரமும் கிடைக்கும். சீமெந்தின் மேல்மட்டம் பூச்சியம். அங்கிருந்து வெளியே ஒரு பிளாஸ்டிக் அடிமட்டத்தை ஒட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியை மூடி கழற்றித் தலைகீழாக உள்ளே செருகினால் அதுதான் புனல். வாய் அகலமும் உடல் அகலமும் ஒன்றாக இருப்பதால் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம் நேரடியாக மழையின் மி.மீ. ஆகும். கணக்கு எதுவும் போட வேண்டாம்.

சரிபார்க்க மருந்து சிரிஞ்சு எடுங்கள். போத்தலின் உள் அகலம் 8.8 செ.மீ. என்றால் 61 மி.லீ. தண்ணீர் ஊற்றியதும் மட்டம் சரியாக 10 மி.மீ. உயர வேண்டும். உயராவிட்டால் அடிமட்டத்தை நகர்த்துங்கள்.

தவறு நடக்கும் இடங்கள்: கூரையோரம், மரத்தடி, கொடிக்கம்பிக்குக் கீழே வைப்பது. பக்கத்தில் 10 அடி உயரத்தில் ஏதாவது நின்றால் அதிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். தரையில் வைத்தால் மண் தெறித்து உள்ளே போகும். இடுப்பளவு உயரக் கம்பில் கட்டுங்கள். மிகப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. புனல் உள்ளே இறங்கி நிற்பதால் 70 மி.மீ.க்கு மேல் இந்தப் போத்தல் ஒழுங்காகக் காட்டாது. 50 ஆனதும் எழுதிவிட்டு ஊற்றுங்கள். ஊற்றியதைக் கூட்ட மறந்து, பாதி மழையைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவதுதான் அதிகம் நடப்பது. அதனால் எழுதும் கொப்பியை போத்தலுக்குப் பக்கத்து வீட்டில் வைத்து, ஒருவரையே அதற்குப் பொறுப்பாக்குங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் அதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

சாதாரண நாளில் காலை 8.30க்கு ஒரு தடவை. கடும் மழையில் ஒவ்வொரு மணிக்கும்.

வானொலியில் எச்சரிக்கை சொல்கிறார்கள், எங்கள் தோட்டத்தின் பெயர் வருவதில்லையே?

வராது. எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில்தான் வரும். ஹல்துமுல்ல, எல்ல, ஹாலிஎல, கொத்மலை, வலப்பனை என்றுதான் வாசிப்பார்கள். தோட்டத்தில் கேட்டால் ஆட்கள் தோட்டப் பெயர், டிவிஷன், பக்கத்து டவுன் மூன்றையும் சொல்வார்கள். பிரதேச செயலகத்தை நிச்சயமாகச் சொல்பவர்கள் குறைவு. அடுத்த டவுனும் நீங்களும் வெவ்வேறு செயலகப் பிரிவில் இருக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் சில பிரிவுகள் பிரிக்கப்பட்டதால் பழைய பெயரும் மாறியிருக்கலாம்.

கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி லயத்தின் இரு தலைப்பிலும் ஒட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுக்கும்போதும் முதலில் கேட்பது இதைத்தான். பதற்றத்தில் ஞாபகம் வராது.

மலை முன்கூட்டியே ஏதாவது காட்டுமா?

பெரிய சரிவுகள் பெரும்பாலும் காட்டும். ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டு மூன்று சேர்கிறதா என்று பாருங்கள்.

தேயிலை மலையில் பிறை வடிவில் நீளும் வெடிப்பு. நேற்று வரை சாத்திய கதவு இன்று நிலையில் இறுகுவது. சீமெந்துத் தரையில் புதுக் கீறல். மின்கம்பமும் சவுக்கும் ஒரே திசையில் சாய்வது. மேட்டின் அடிவாரம் வயிறு மாதிரி உப்புவது. வழமையில்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, அல்லது வருடம் முழுக்க ஓடிய பீலி (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்) திடீரென்று நிற்பது. தெளிவாக வந்த பீலித் தண்ணீர் சேறாக வருவது.

இவற்றில் ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். மழை விடாமல் கொட்டுகிறது, ஆனால் ஓடையில் தண்ணீர் குறைகிறது என்றால் மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது. அந்த அடைப்பு உடைந்தால் கல்லும் மரமும் சேறுமாக ஒரே வீச்சில் இறங்கும். போய்ப் பார்த்து வர ஆள் அனுப்பாதீர்கள். ஓடைக்கரையில் இருக்கும் எல்லாரும் அப்போதே பக்கவாட்டில் மேடேற வேண்டும்.

எந்த அடையாளமும் காட்டாமல் விழுவது வீட்டுக்குப் பின்னால் நேராக வெட்டிய மண்சுவர். அதைப் பற்றிக் கீழே.

வெடிப்பு பழையதா புதியதா, வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரில் என்றால் வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நுனி கோட்டைத் தாண்டினால் நீள்கிறது. குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு சீமெந்துப் பட்டை பூசி விடுங்கள். அது பிளந்தால் அகல்கிறது. வெள்ளையடித்து மறைக்கவே கூடாது. விசேஷத்துக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டு வையுங்கள்.

நிலத்தில் என்றால் வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை, ஒவ்வொன்றும் வெடிப்பிலிருந்து 3 அடி தள்ளி. முளை 3 அடி நீளம், பாதி மண்ணுக்குள் இறங்க வேண்டும். இரண்டையும் இணைத்து மேலே ஒரு பலகையை ஆணியடித்து, பிறகு பலகையை நடுவில் வாளால் அறுத்து விடுங்கள். அறுத்த இடைவெளியைக் காலையும் மாலையும் அடிமட்டத்தால் அளந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். மலை நகர்ந்தால் இடைவெளி விரியும். பலகை ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் கீழ்ப்பக்க நிலம் அமிழ்கிறது.

எண்ணைவிட வேகத்தைப் பாருங்கள். மூன்று நாளும் தினம் 2 மி.மீ. என்றால் நகர்வு இருக்கிறது, உடனே அறிவிக்க வேண்டும். முதல் நாள் 2, மறுநாள் 5, அடுத்த நாள் 12 என்று கூடினால் அறிவித்துவிட்டுக் காத்திருக்காமல் வெளியேற வேண்டும்.

வெடிப்பைத் திறந்து விடாதீர்கள். மழைத் தண்ணீர் நேராக அடிக்குப் போக அதுதான் வழி. களிமண்ணைப் போட்டு இடித்து இறுக்கி, மேலே பொலித்தீன் விரித்து, ஓரத்தை மண்ணால் மூடுங்கள். கொங்கிறீட் ஊற்றிப் பயனில்லை. அடுத்த நகர்வில் பிளக்கும், அடியில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாமல் போகும். இந்த வேலை மழை விட்ட பகல் வேளையில் மட்டும்.

கான் (வடிகால்) துப்புரவாக்கினால் மண்சரிவு நிற்குமா?

எல்லாச் சரிவும் நிற்காது. ஆனால் ஒரு லயத்து ஆட்கள் தங்கள் கையாலேயே செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பலன் தரும் வேலை இல்லை.

ஒரு காம்பராவின் (லயத்தில் ஒரு குடும்பத்தின் அறை) கூரை இஸ்தோப்போடு (முன் விறாந்தை) சேர்த்து 20 சதுர மீற்றர் என்று வையுங்கள். பத்துக் காம்பரா லயம் 200 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை 1 லீட்டர். 100 மி.மீ. மழை நாளில் அந்த ஒரு லயத்துத் தகரம் மட்டும் 20,000 லீட்டரைக் கீழே தள்ளுகிறது. ஆயிரம் லீட்டர்த் தாங்கி இருபது. அது எங்கே போகிறது? ஓரத்தில் தண்ணீர்ப் பீலி பொருத்தாத கூரையென்றால் நேராக அத்திவாரத்தடியில்தான். அங்கிருந்து கீழ் லயத்தின் மேட்டுக்குள்.

மழையில்லாமலும் தண்ணீர் இறங்கும். நிமிடத்துக்கு ஒரு லீட்டர் ஒழுகும் குழாய் மூட்டு நாளைக்கு 1,440 லீட்டரை மண்ணுக்குள் விடுகிறது. மேட்டு லயத்துத் தாங்கி நிறைந்து வழிவதும், மலசலகூடக் குழியும் இதே கணக்கில் சேரும். மேலே தாங்கி வழிந்துகொண்டே இருக்கும்போது கீழே சாமி கும்பிட்டுப் பிரயோசனமில்லை. முதலில் மிதவை வால்வைப் போடுங்கள்.

தேயிலை மலையில் இரண்டு வகைக் கான் இருக்கிறது. மலையைக் குறுக்காக ஓடும் கான், சுமார் 100 அடிக்கு 1 அடி சரிவு. அது போய்ச் சேரும் நெடுங்கான். குறுக்குக் கானில் இடையிடையே மண் தடுப்பு விட்டிருப்பார்கள். தண்ணீர் தேங்கி வண்டல் படியட்டும் என்பதற்காக. நல்ல மலைக்கு அது நல்லது, மேல்மண் போகாது. ஆனால் வெடிப்பு விழுந்த மலைக்கு மேலே அந்தத் தேக்கமே விஷம். அங்கே மட்டும் தடுப்பை வெட்டி நீர் நிற்காமல் ஓட விட வேண்டும். இதைத் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிச் செய்யுங்கள். எந்தக் கானைத் தொடுவது, எதை விடுவது என்று வெளிக்கள உத்தியோகத்தருக்குத்தான் தெரியும்.

லயத்துக்கு மேலே புதிதாகத் தடுப்புக் கான் வெட்டுவதென்றால் மேட்டு விளிம்பிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். சீமெந்து பூச முடியாவிட்டால் பழைய தகரமோ தடித்த பொலித்தீனோ விரியுங்கள். பூசாத கான் வெடிப்புள்ள மண்ணில் புனல் போல வேலை செய்யும். அதைவிட முக்கியமானது முடிவு: கான் இயற்கையான ஓடையில் போய் முடிய வேண்டும். அடுத்த லயத்துக் காரர் தலையில் முடியும் கான் எத்தனையோ இருக்கிறது, சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை, செப்டெம்பர் கடைசியில் ஒரு தடவை, சிரமதானம் போட்டுக் கானைத் துப்புரவாக்குங்கள். அள்ளிய மண்ணைக் கானின் மேல்கரையில் குவித்தால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வரும். கீழ்க்கரையில் போடுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டியிருக்கிறோம். என்ன செய்வது?

மலையகத்தில் அடிக்கடி நடப்பது இந்தச் சரிவுதான். செய்தியில் பெரிதாக வராது, இரவில் சமையலறைச் சுவரோடு உள்ளே வரும். வீட்டுக் காணி 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 177 சதுர மீற்றர். சரிவில் அதைச் சமமாக்க வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. வெட்டிய மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு இடைவெளி சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே இருந்தால் நல்லது. 10 அடி மேடு, 3 அடி சந்து என்பதே வழக்கம், அதுதான் சிக்கல்.

இடைவெளி கிடைக்காவிட்டால் மேட்டை நேராக விடாமல் படியாகச் சரித்து விடுங்கள். வாசலை அகலமாக்க, கோழிக்கூடு வைக்க என்று அடியில் இன்னும் ஒரு அடி சுரண்டுவது வேண்டவே வேண்டாம். மலை நிற்பது அந்த அடியில்தான். கல் அணை கட்டினால் பின்னால் ஜல்லி நிரப்பி, அணையில் 5 அடிக்கு ஒன்றாக 2 அங்குலக் குழாய்த் துளை விடுங்கள். துளையில்லாத அணை மண்ணுக்குத் தாங்கும், தேங்கும் தண்ணீருக்குத் தாங்காது. கட்டி இரண்டு மழையில் வயிறு தள்ளிய அணைகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

மழைக் காலத்தில் மேட்டுப் பக்கச் சுவரை ஒட்டி யாரும் படுக்க வேண்டாம். பிள்ளைகளும் வயதானவர்களும் இஸ்தோப்புப் பக்கம் படுக்கட்டும்.

வெட்டிவேர் நட்டால் போதுமென்கிறார்களே?

மேல் மண்ணுக்கு நல்லது. நாற்றுக்கு நாற்று ஒரு சாண் இடைவெளிகூட விடாமல் நெருக்கி, மலைக்குக் குறுக்காக வரிசை பிடித்து நட வேண்டும். நிழலில் வராது, மரத்தடியில் நட்டுக் காசை வீணாக்காதீர்கள். ஆழத்தில் பாறை மட்டத்திலிருந்து கழன்று வரும் சரிவை எந்தப் புல்லின் வேரும் பிடிக்காது. வீட்டு மேட்டில் வாழை வேண்டாம்: வேர் மேலோட்டம், பாரம் அதிகம்.

உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் போடுகிறவர்கள் பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்தால் ஒவ்வொரு பாத்தி இடுக்கும் ஒரு கான். குறுக்காகப் போடுங்கள்.

எப்போது வெளியேறுவது? யார் சொல்வது?

மீரியபெத்தை ஆபத்தான இடம் என்பது 2014க்குப் பல வருடங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அறிவிப்பு இருந்தும் அது லயத்துக் கதவில் ஒரு முடிவாக வந்து சேரவில்லை. துரை (தோட்ட முகாமையாளர்) சொல்லட்டும், தலைவர் சொல்லட்டும், கிராம உத்தியோகத்தர் வரட்டும் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் வாயைப் பார்த்தால் நேரம் போய்விடும். வெளியேறும்படி அதிகாரிகள் சொன்னால் உடனே போக வேண்டும். ஆனால் அவர்கள் சொல்லாவிட்டாலும் போகலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆகவே மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் உட்கார்ந்து எண்ணைப் பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் பரிந்துரைப்பது இது: மாலை 4 மணிக்கு மழைமானியைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 தாண்டி, மழையும் விடவில்லை என்றால், வெடிப்புள்ள மலைக்குக் கீழே இருப்பவர்கள் இருட்டுவதற்குள் வேறு இடத்தில் படுக்கப் போவது. உத்தியோகபூர்வ அளவில் 75க்கு 'அவதானம்' என்றுதான் சொல்கிறார்கள். லயத்துக்கு நாங்கள் ஒரு படி முந்திச் சொல்வதற்குக் காரணம் இரவு. நள்ளிரவில் 150ஐத் தொடும்போது மின்சாரம் இருக்காது, ஒற்றையடிப் பாதை வழுக்கும், முதியவரைத் தூக்க ஆள் கிடைக்காது. பத்துத் தடவை போய் ஒன்றும் நடக்காமல் திரும்பினால் பதினோராவது தடவை ஆட்கள் சலித்துக்கொள்வார்கள். உண்மைதான். அதற்காகத்தான் எல்லாரையும் கிளப்பாமல், வெடிப்புக்கு நேர் கீழே உள்ள காம்பராக்களை மட்டும் முன்கூட்டியே குறித்து வைக்கச் சொல்கிறோம்.

ஆள் பட்டியல் இரண்டு வேண்டும். இரவுப் பட்டியலில் எல்லாரும் இருப்பார்கள். பகல் பட்டியல் வேறு: கொழுந்து எடுக்கிறவர்கள் மலையில், பிள்ளைகள் பாடசாலையில், லயத்தில் மிஞ்சுவது வயதானவர்கள், நோயாளிகள், பிள்ளைக் காம்பராவில் (குழந்தை பராமரிப்பு இடம்) கைக்குழந்தைகள். பகலில் அவர்களை எடுத்துப் போவது யார் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். கொழும்பில் வேலை செய்கிற மகன் பெயரை எழுதி என்ன பயன்?

இரவில் எப்படி எல்லாரையும் எழுப்புவது?

போனை மட்டும் நம்பாதீர்கள். மழைக்குக் கோபுரமும் போகும், மின்சாரமும் போகும், கோயில் லவுட்ஸ்பீக்கரும் அதோடு போகும். மின்சாரம் வேண்டாத சத்தம் தேவை: கோயில் மணி, விசில், தப்பு மேளம். தப்பு என்றால் ஒரு சிக்கல். செத்த வீட்டுக்கும் திருவிழாவுக்கும் அடிப்பதுதானே. ஆகவே அவசரத்துக்கென்று தனி அடி ஒன்றை முடிவு செய்து, எல்லாரும் கேட்டுப் பழக ஒத்திகை பாருங்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தத்தில் விசில் மூன்று காம்பராவுக்கு மேல் கேட்காது. நாலு காம்பராவுக்கு ஒருவர் கதவைத் தட்டுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது? எங்கே தங்குவது?

கீழ்நோக்கி ஓடக் கூடாது. மண் உங்களைவிட வேகமாக வரும். சரிவின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி, உயர்ந்து நிற்கும் மலைமுதுகுப் பக்கம் போங்கள். ஓடை, நெடுங்கான், சிறு பாலம் எதையும் கடக்காத வழியாக இருக்க வேண்டும். பாதையைப் பகலில் ஒரு தடவை நடந்து, இருட்டில் ஒரு தடவை டோர்ச்சோடு நடந்து பாருங்கள். பகலில் ஏழு நிமிடம் எடுத்த வழி இருட்டில் இருபதாகும்.

தங்கும் இடமாக வழமையில் பாடசாலையையோ கோயிலையோதான் சொல்வார்கள். பாடசாலை அதே மலையின் அடியில் இருக்கலாம். கோயில் பாறைக்குக் கீழே, ஓடைக்கரையில் இருக்கலாம். அந்த இடம் பாதுகாப்பானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தைப் பிரதேச செயலாளர் ஊடாகக் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பையில் என்ன வைப்பது?

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிப் பத்திரங்கள், அஸ்வெசும (அரச நலன்புரி உதவி) கடிதம், கிளினிக் கொப்பி, பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு. எல்லாம் இரட்டைப் பொலித்தீனில். ஒரு வாரத்து மருந்து, டோர்ச், விசில், போர்வை, தண்ணீர். ஒரு கையால் தூக்க முடியாவிட்டால் பை கூடாது. மற்றக் கையில் பிள்ளை இருக்கும். பத்திரங்களைப் போனில் படம் எடுத்து வெளியூரிலுள்ள உறவுக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.

மழை விட்டதும் திரும்பலாமா?

உடனே கூடாது. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் அடிவாரத்துக்கு வர நேரமெடுக்கும். வெயில் எறித்த பின்பும் சரிந்த மலைகள் உண்டு. பொருள் எடுக்க என்று ஆண்கள் மட்டும் ஓடிப்போய் வருவதுதான் மிக ஆபத்து. எச்சரிக்கை நீக்கப்பட்டு, அதிகாரி வந்து பார்த்துச் சொன்ன பிறகு, பகலில் போங்கள். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

வேறு காணி கேட்டு யாருக்கு எழுதுவது?

கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதி, தோட்ட நிர்வாகத்துக்குப் பிரதி கொடுங்கள். கடிதத்தில் தோட்டம், டிவிஷன், லய இலக்கம், குடும்ப எண்ணிக்கை, வெடிப்பைக் கண்ட திகதி, அளந்த எண்கள். படம் எடுக்கும்போது வெடிப்புக்குப் பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள், இல்லாவிட்டால் அகலம் யாருக்கும் புரியாது. போனில் தெரியும் இட அமைவு (GPS) எண்ணையும் எழுதுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். அடுத்த தடவை 'கடிதம் வரவில்லை' என்று சொல்லும்போது அந்த முத்திரைதான் பேசும்.

பாதை, கான் வேலைக்குப் பிரதேச சபையையும் கேட்கலாம். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை தோட்டத்துக்குள் செலவு செய்யச் சபைகளுக்குத் தடை இருந்தது. இப்போது அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

புதுக் காணி கிடைத்தால் சந்தோஷத்தில் உடனே மண் வெட்டத் தொடங்க வேண்டாம். மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டடம் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவை. ஒரு சரிவிலிருந்து எழும்பி இன்னொரு சரிவில் குடியேறியவர்களும் இருக்கிறார்கள்.

புயல் கரையோரத்துக்குத்தானே, எங்களுக்கு என்ன?

காற்று கரையோரத்துக்கு, மழை மலைக்கு. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலெழும்பும்போது அத்தனை ஈரத்தையும் அங்கேயே கொட்டுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மிகுந்த உயிரிழப்பு கடற்கரையில் இல்லை. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான். புயலின் காற்று வேகம் குறைவு என்று செய்தியில் சொன்னால் மலையகத்தில் நிம்மதியடையாதீர்கள். மெதுவாக நகரும் புயல் ஒரே இடத்தில் நின்று கொட்டும். மட்டக்களப்புக்கோ திருகோணமலைக்கோ எச்சரிக்கை வந்த அன்றே மழைமானியைக் கழுவி வையுங்கள்.

மாடு, ஆடு, நாய்?

கயிற்றை அவிழ்த்து விடுங்கள். ஓட்டிக்கொண்டு போக நிற்க வேண்டாம், அவை உங்களுக்கு முன்னமே வழி கண்டுபிடிக்கும். கட்டுத்தறியில் அவசரத்துக்கு இறுகாத முடிச்சாகப் போட்டு வைப்பது மழைக்கால வழக்கமாக இருக்கட்டும்.